எஸ்தர் கன்னத்தில் இருப்பது பச்சை அல்ல

என் மகள் எஸ்தரின் இடது கன்னத்தில் மூன்று கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றன. அவை பச்சை குத்தியவை அல்ல, பென்சில் குத்தியவை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். நம்பாதவர்கள் நம்பாமலே இருந்தார்கள். அவர்களில் சிலர் இப்போது முன்வரிசைப் பாயிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். சபையாரே, நாளைக்கு எஸ்தர் விடுதிப் பள்ளிக்குப் போகிறாள். போவதற்கு முன் உங்கள் முகத்தைப் பார்த்து இந்தச் சாட்சியைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு வந்தேன். கையெழுத்து என் வீட்டுக்காரருடையது. வார்த்தைகள் என்னுடையவை.

போன ஆவணி மாதம், ஜெர்மன் சண்டை தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டங்களில் காய் பறிப்பு ஆரம்பித்திருந்தது. நான் விடிந்ததும் மலையேறிப் போய், ஏலச்செடியின் தூரில் குந்தி உட்கார்ந்து காய் பறித்துவிட்டு, அட்டை கடித்த காலோடு சாயங்காலம் இறங்கி வருவேன். எஸ்தருக்கு ஏழு வயது. அவளும் ஒரு நாள் அந்தத் தூரில் உட்காரக் கூடாது என்பதே என் ஜெபம். போடியிலிருந்து வருகிற நம் பாதிரி ஐயர் அதற்கு ஒரு வழி காட்டியிருந்தார். தை மாதத்தில் பெண்பிள்ளைகள் விடுதிப் பள்ளியில் அவளுக்கு ஓர் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்.

இந்த ஜெபவீட்டில்தான் பள்ளிக்கூடமும் நடக்கிறது. உபதேசியார்தான் வாத்தியார். பிள்ளைகளுக்கு சிலேட்டும் குச்சியும்தான் உண்டு. என் வீட்டுக்காரர் தோட்டத்து ஸ்டோரில் எடை எழுதுகிறவர். அவர் தேய்ந்துபோன பென்சில் துண்டு ஒன்றை, கத்தியால் நன்றாகச் சீவி, மகளுக்குக் கொடுத்திருந்தார். உபதேசியாரின் மகள் லேயாள் அதைக் கேட்டிருக்கிறாள். அவள் எஸ்தரைவிட இரண்டு வயது பெரியவள். எஸ்தர் கொடுக்கவில்லை. அவள் பிடித்து இழுத்ததும் இவள் கையைக் கடித்திருக்கிறாள். என் மகள் வேறு எப்படி இருப்பாள். அந்த ஆத்திரத்தில் லேயாள் அந்தப் பென்சிலாலேயே எஸ்தரின் கன்னத்தில் மூன்று குத்துக் குத்திவிட்டாள். மூன்றாவது குத்தில் முனை உள்ளேயே ஒடிந்து தங்கிவிட்டது. உபதேசியார் அப்போது வெளியே போயிருந்தார். பார்த்த பெரியவர்கள் ஒருவரும் இல்லை.

நான் வந்தபோது பிள்ளையின் பாவாடையெல்லாம் ரத்தம். அங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். கழுவித் துடைத்து விட்டிருந்தால் போதும். நான் பிறந்த தேவாரம் ஊர்ப் பக்கம் பச்சை குத்தினால் அகத்திக் கீரைச் சாற்றையும் மஞ்சளையும் அரைத்து அந்த இடத்தில் வைத்துத் தேய்ப்பார்கள். குத்துக்காயத்துக்கு எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். அதையே செய்தேன். அழ அழத் தேய்த்தேன். பென்சில் கரி தோலுக்குள் நன்றாக இறங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து உபதேசியார் மனைவி ரூத்தம்மாள் வாசலில் வந்து நின்றாள். பச்சையும் மஞ்சளுமாகப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் கன்னம் வீங்கியது. காய்ச்சல் அடித்தது. வாய் திறக்க முடியவில்லை, கஞ்சியை விரலால் தொட்டுத்தான் நாக்கில் வைத்தேன். மழை பிடித்துக்கொண்டதால் போடிக்குத் தூக்கிக்கொண்டு போகவும் வழியில்லை. என் பிள்ளை போய்விடுவாள் என்றே நினைத்தேன். முழங்காலில் நின்றேன். ஆண்டவரே, இவளை எனக்குக் கொடும் என்று கேட்டேன். அதே மூச்சில், குத்தின கை அழுகட்டும் என்றும் கேட்டேன். மறைக்க மாட்டேன், அப்படித்தான் கேட்டேன். ஆறாம் நாள் காலையில் கட்டி தானாக உடைந்தது. சீழோடு அந்தப் பென்சில் முனையும் வந்து என் முந்தானையில் விழுந்தது. மத்தியானம் பிள்ளை சோறு கேட்டாள்.

உயிர் தப்பியதற்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. புண் ஆறின இடத்தில் மூன்று புள்ளிகள் அப்படியே நின்றன. அன்னபாக்கியமாகிய நான் பழைய சாமிக்கு நேர்ந்து மகளுக்குப் பச்சை குத்திவிட்டேன் என்று ரூத்தம்மாள் வீடு வீடாகச் சொன்னாள். நீங்களும் கேட்டுக்கொண்டீர்கள். கிணற்றடியில் நான் வந்தால் பேச்சு நிற்கும். விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கிப் போனவள் பிள்ளைக்கு விடுதியில் இடம் கிடையாது என்று நீங்களே தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள். அந்தப் புள்ளிகள் மறைய வேண்டும் என்று தினமும் ஜெபித்தேன். மறையவில்லை. உண்மையாவது வெளியே வரட்டும் என்று பிறகு ஜெபித்தேன்.

என்னிடம் ஓர் ஆயுதம் இருந்தது. ரூத்தம்மாள் எப்போதும் மணிக்கட்டு வரை கை நீண்ட ரவிக்கை போடுவாள். தான் பிறவியிலேயே கிறிஸ்தவள், பரம்பரை வேதக்காரி என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தாள். நானும் அவளும் தேவாரத்தில் ஒரே தெரு. எட்டு வயதில், ஒரே நாளில், ஒரே குறத்தியிடம் கையை நீட்டிப் பச்சை குத்திக்கொண்டோம். என் கையில் இருக்கிற தேரும் கிளியும் அவள் கையிலும் இருக்கின்றன. ஞானஸ்நானத்துக்கு முன் குத்தியதை ஐயர் குற்றமாக எண்ணுகிறவர் அல்ல. ஆனால் அந்தக் கை வெளியே தெரிந்தால் அவள் பொய்க்காரி ஆவாள். ஐயர் வரட்டும், அவர் முன்னாலேயே அந்த ரவிக்கைக் கையை இழுத்துவிடுகிறேன் என்று காத்திருந்தேன்.

கார்த்திகையில் ஐயர் வந்தார். ஆராதனை முடிந்ததும் எங்களை நிறுத்தி விசாரித்தார். நீங்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன் ஐயரே" என்றாள் ரூத்தம்மாள். "பச்சைச் சாறும் மஞ்சளும் மொகமெல்லாம் வழியுது. பென்சிலு குத்துனா யாராச்சும் அகத்திச்சாறு வப்பாகளா?"

"நான் வச்சேன். எனக்குத் தெரிஞ்சது அதான்."

"யார் குத்தியது என்று பிள்ளை சொல்கிறாள்?" என்று ஐயர் கேட்டார்.

"லேயாளுன்னு சொல்லுது" என்றேன்.

"எங்க வீட்டுப் பிள்ளை பொய் சொல்லாது. நாங்க பாட்டன் காலத்துல இருந்து வேதக்காரங்க. இவ நேத்து வந்தவ."

நான் எழுந்துவிட்டேன். அவள் கையைப் பிடிக்க இரண்டு எட்டு வைத்தேன். அதற்குள் பிள்ளைகள் பக்கத்திலிருந்து லேயாள் எழுந்து வந்தாள். ஐயருக்கு முன்னால் வலது கையை நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே பல் பதிந்த தழும்பு வரிசையாக இருந்தது.

"அவ கடிச்சா. நான்தான் குத்துனேன். ஆத்தா சொல்லாதேன்னுச்சு."

ஐயர் எஸ்தரைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். தை மாதம் அனுப்புங்கள் என்று சொன்னார். அவ்வளவுதான். நீங்கள் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

அத்தோடு முடிந்திருந்தால் நான் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போயிருப்பேன். ஜெபவீட்டுக்குப் பின்னால் அடி விழுகிற சத்தம் கேட்டது. ரூத்தம்மாள் மகளைப் புளிய விளாரால் அடித்துக்கொண்டிருந்தாள். உண்மை சொன்னதற்கு அடி. நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"விடுடி பாக்கியம், எம் பிள்ளைய நான் அடிப்பேன்."

"நீ மொதல்ல விளாரக் கீழ போடு."

இழுத்த இழுப்பில் ரவிக்கைக் கை கிழிந்து முழங்கை வரை போய்விட்டது. தேரும் கிளியும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. உங்களில் நாலைந்து பெண்கள் வேடிக்கை பார்க்க மூலை திரும்பி வந்துகொண்டிருந்தீர்கள். மூன்று மாதமாக நான் காத்திருந்தது இதற்குத்தான். என் கை போய் அந்தக் கிழிசலை இழுத்து மூடியது. முந்தானையையும் எடுத்து அதன்மேல் போட்டேன். ஏன் மூடினேன் என்று எனக்கே தெரியாது. அது என் குணம் அல்ல. என் குணம் உங்களுக்குத் தெரியும். அவள் என் முகத்தையே பார்த்தாள், பிறகு உட்கார்ந்து அழுதாள். லேயாள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகட்டும் என்று நான் கேட்ட அந்தக் கை என் புடவையைப் பிடித்திருந்தது. அந்த ஒரு ஜெபத்தைக் கர்த்தர் தள்ளிப்போட்டதற்கு அன்றைக்கு அங்கேயே நன்றி சொன்னேன்.

மறு ஞாயிறு நடந்தது நீங்கள் எல்லாரும் கண்டதுதான். ரூத்தம்மாள் அரைக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு, தேரும் கிளியும் தெரிய, எல்லாரையும் தாண்டி வந்து என் பாயில் உட்கார்ந்தாள். இன்றுவரை அவளும் நானும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எனக்கு அவள்மேல் கோபம் முழுவதும் தீர்ந்துவிட்டதா என்றால், தீரவில்லை. இப்போது யாரையும் சபித்து ஜெபிப்பதில்லை. நாக்கு நுனிக்கு வரும், விழுங்கிக்கொள்வேன்.

புள்ளிகள் மறைய வேண்டும் என்று கேட்டேன், கர்த்தர் கொடுக்கவில்லை. உண்மையைக் கேட்டேன், எதிராளி வீட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். நீங்களும் அவரிடமே கேளுங்கள். கிணற்றடியில் கேட்டு உங்களுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. இந்தக் கூட்டத்தில் கை நீண்ட ரவிக்கைகள் இன்னும் நிறைய இருப்பது எனக்குத் தெரியும். பயப்படாதீர்கள், நான் யார் கையையும் இழுக்கப் போவதில்லை.