பெரிய வீட்டின் அடைத்த வாசல்

சேத்தியாத்தோப்புக்குப் பக்கத்திலிருந்த எங்கள் பெரிய வீட்டைப் பெரியப்பா இடித்துக் கட்டிய கோடையில், நான் சிதம்பரத்தில் ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன். 2008ஆம் வருடம். விடுமுறையில் ஏதாவதொரு பழைய கட்டடத்தின் வரலாற்றை எழுதி வரும்படி பள்ளியில் சொல்லியிருந்தார்கள். கோயிலை மட்டும் எழுதக் கூடாது. முந்தைய வருடம் வகுப்பு மொத்தமும் கோயிலையே எழுதிவிட்டதாம். நான் எங்கள் வீட்டை எழுதுவதென்று ஊருக்குப் போனேன்.

பெரியப்பாவுக்கு ஏக சந்தோஷம். மணல் குவியலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் எழுத எழுதச் சொன்னார். முதலில் மண்சுவரும் கூரையும்தான். வெள்ளாற்றில் வெள்ளம் வந்து அது கரைந்துபோனதும் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார்கள். கொள்ளுத்தாத்தா தேக்குத் தூண் நிறுத்தி மாடி எடுத்தார். தாத்தா முற்றத்தில் பாதியை மூடி அறைகளாக்கினார். இப்போது பெரியப்பா அந்த அறைகளை இடித்து டைல்ஸ் போடுகிறார். ஒவ்வொருவரும் முந்தையவர் கட்டியதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் குடும்பப் பெருமையைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

பின்கட்டுச் சுவரில் பழைய பூச்சைக் கொத்தியபோது உள்ளே ஒரு வளைவு தெரிந்தது. சுற்றிலும் இருந்தவை மெல்லிய பழைய செங்கற்கள். வளைவுக்குள் இருந்தவை வேறு மாதிரி, தடிமனானவை.

“இது வாசப்படிங்க. யாரோ பின்னால அடைச்சிருக்காங்க,” என்றார் கொத்தனார்.

பெரியப்பா எட்டிப் பார்த்தார். “பூசி வுடுப்பா,” என்றார். யார் அடைத்தார்கள் என்று நான் கேட்டதற்கு, டீ வந்துவிட்டதா பார்த்து வரச் சொன்னார்.

வாசல் என்று இருந்தால் அது எங்காவது போக வேண்டும். நான் தெருவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே எங்கள் பின்கட்டுச் சுவரை ஒட்டிய சின்ன ஓட்டு வீட்டில் ஒரு அத்தை தையல் மெஷின் வைத்திருந்தாள். தெருப் பெண்கள் எல்லோரையும் போல அவளையும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பெரியம்மாவின் ரவிக்கைகளை அவள்தான் தைத்தாள், ஆனால் எங்கள் வீட்டுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. அவள் வீட்டுச் சுவரில் அதே வளைவு இருந்தது. இந்தப் பக்கம் யாரும் அதைப் பூசி மறைக்கவில்லை. அந்தக் குழிவில் சாமி படங்களை வைத்திருந்தாள்.

நான் கேட்டதும் மெஷினை நிறுத்தினாள். என் நோட்டைப் பார்த்தாள். “ஒங்க கொள்ளுத்தாத்தாதான் எனக்குத் தாத்தா. எங்க பாட்டி வந்துபோவ அவுருதான் இந்த வாசல வச்சாரு. அவுரு காரியம் முடிஞ்ச மறுநாளு ஒங்க தாத்தா அடைச்சிட்டாரு,” என்றாள். பாட்டியின் பெயரைக் கேட்டேன். எழுத்துக்கூட்டிச் சொன்னாள். அப்படியானால் நிஜமாகவே எனக்கு அத்தைதான் என்று கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆவணியில் புதுமனை புகுவிழா. நான்தான் ஓடிப்போய் அத்தையை அழைத்தேன். அவள் இரண்டு முறை, “ஒங்க பெரியம்மா சொன்னாங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்று பொய் சொன்னேன். பட்டுப்புடவை கட்டி வந்தவள், பந்தல் காலைப் பிடித்தபடி ஓரமாக நின்றாள்.

சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தபோது பெரியப்பா என்னை வீட்டின் வரலாற்றை வாசிக்கச் சொன்னார். கடைசிப் பக்கத்தை அவர் படித்திருக்கவில்லை. வெள்ளம், தேக்கு, மாடி என்று வாசிக்க, தலையாட்டிக்கொண்டே வந்தார். கொள்ளுத்தாத்தா தம் இரண்டாவது மனைவி வந்துபோக வைத்த வாசல் என்று, பெயரோடு வாசித்தேன். அவருடைய பேத்தி நமக்கு அத்தை, இதோ வந்திருக்கிறார் என்று முடித்தேன்.

யாரும் கைதட்டவில்லை. பெரியப்பா என் கையிலிருந்த தாளைப் பார்த்தார், பிறகு பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். அத்தை வெளியே போகத் திரும்பினாள். அப்போது, பெரியப்பா முன் குரல் உயர்த்தியே நான் பார்த்திராத பெரியம்மா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்தாள்.

“சாப்புடாம போவக் கூடாது. வா, எம்பக்கத்துல ஒக்காரு.”

அத்தை முதல் பந்தியில் உட்கார்ந்தாள். அதிகம் சாப்பிடவில்லை. கை கழுவியதும் என்னிடம் வந்து, அந்தத் தாளைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். என் கையெழுத்து பிடித்துப்போயிற்று போலும் என்று நினைத்துக் கொடுத்தேன். நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பெரியப்பா இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. வெள்ளத்தையும் தேக்கையும் முன்பின்னாக எழுதிவிட்டேனோ என்று நினைத்து, திருத்திய பிரதி ஒன்றை அவருக்குத் தபாலில் அனுப்பினேன். அத்தையின் பாட்டியை மூன்று தலைமுறையாக அந்த ஊரில் வேறொரு சொல்லால்தான் குறிப்பிட்டு வந்தார்கள். எனக்கு அந்தச் சொல் தெரியாது. அதனால்தான் மனைவி என்று எழுதியிருந்தேன்.