என் மூக்கைத் திறந்துவைத்த பவர் கட்

நீலகிரித் தைலத்தின் நெடி... மூக்கில் ஏறி, மூளையைத் தட்டி எழுப்பி, உச்சந்தலை வழியாக ஆவியாகப் போகும் அந்த நெடிதான் என் இருபத்தெட்டாவது வயதின் வாசனை.

நீலகிரியில் பிக்கட்டிப் பக்கம் ஒரு சின்ன டீ ஃபேக்டரியில் நான் டீ மேக்கர். வருஷத்தில் ஆறு மாதம் எனக்கு ஜலதோஷம். மீதி ஆறு மாதம் அதற்கான ஒத்திகை. நான் தும்மினால் ஊட்டி ஏரியில் படகுகள் கரை ஒதுங்கும் என்று பேச்சு. (பேச்சைக் கிளப்பியவன் நான்தான்.) அதனால் மஃப்ளரில் தைலத்தை அபிஷேகம் செய்து, மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொள்வேன்.

இதில் என்ன தப்பு என்கிறீர்களா?

டீ மேக்கருக்குச் சோறு போடும் உறுப்பே மூக்குதான் ஐயா! அரைபட்ட கொழுந்து, பச்சைத் தூளாகத் தரையில் பரப்பிக் கிடக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பு நிறத்துக்கு மாறும். கூடவே வாசனையும் மாறும். மாறிய அந்தக் கணத்தில் அள்ளி டிரையருக்கு அனுப்ப வேண்டும். முந்தினால் பச்சை வாடை. பிந்தினால் வெறும் சாயத் தண்ணீர்.

மகாபுத்திசாலியான நானோ, கடிகாரத்தைப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தேன்... ஆறு வருஷமாக!

அதுவும் எந்தக் காலத்தில்? தேயிலை விலை பாதாளத்துக்கு விழுந்து, அங்கேயும் தரையைத் தோண்டிக்கொண்டிருந்த காலம். பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று தோட்டங்களைக் காடாக விட்டிருந்தார்கள். பாதி ஊர் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டது. 'அடுத்த மாதம் என்ன ஆகும்' என்பதைத் தவிர என் தலைக்குள் வேறு எதற்கும் இடமில்லை.

எங்கள் முதலாளி கோயம்புத்தூர்க்காரர். இடியைக்கூடப் பஞ்சில் சுற்றித்தான் இறக்குவார். ஒரு நாள் காலையில் கூப்பிட்டார்.

"ஏனுங்க, ஏலத்துக்குப் போன மூணு லாட்டு வரிசையா மட்டம்னு திரும்பி வந்துருச்சுங்க. இன்னிக்கு ஓட்டறதும் அப்படியே வந்துதுன்னா, நானு கேட்டைப் பூட்டிப்போட்டு ஊரைப் பாத்துப் போயிருவனுங்க. நாப்பது பேரு வேலைங்க... பாத்துச் செய்யுங்க."

பார்த்துத்தான் செய்தேன். அன்றைய தூள் முழுவதும் தரைக்கு வந்து சேர்ந்த நேரம்... எங்கேயோ ஒரு சீகை மரம் கம்பிமேல் சாய்ந்து, கரண்ட் போனது.

டிரையர் அடுப்பில் விறகு எரிகிறது; காற்றடிக்கிற ஃபேன் நின்றுவிட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவதை முதலாளி எப்போதோ விட்டுவிட்டார். நாற்பது குடும்பத்தின் கஞ்சி, தரையில் கிடந்து நிறம் மாறிக்கொண்டிருக்கிறது!

தரை வேலையைப் பார்த்தவள் ராசம்மா. சிலோன் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் இங்கே வந்தவள். என் வயதுதான், வாய்க்கு மட்டும் நூறு வயது. ஆட்களைக் கூட்டி, குளிர் பட்டால் மாறுவது மெதுவாகும் என்று தூளை மெல்லிசாக இழுத்துப் பரப்பி, ஜன்னல்களைத் திறந்துவிட்டாள்.

"தொரை, எப்ப அள்ளணும்?"

கடிகாரத்தைப் பார்த்தேன். "இன்னும் இருவது நிமிசம்."

"இந்தக் குளுருக்குக் கடியாரம் என்னாத்தக் கண்டுச்சு? மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். தைலம்.

"அந்தத் துணியக் கொண்டுபோயி வெளிய போடுங்க தொரை! தூளே தும்மிரும் போல."

சுற்றி நின்றவர்கள் அந்தக் கலவரத்திலும் சிரித்தார்கள். மஃப்ளரைக் கழற்றி வெளியே எறிந்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தரையில் மண்டி போட்டேன்.

முதலில்... சத்தம். மெஷின்களெல்லாம் நின்றதால், தகரக் கூரையிலிருந்து பனிநீர் சொட்டுவது கேட்டது. ஆறு வருஷமாக என் தலைக்கு மேலேயே சொட்டியிருக்கிறது. ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து, தூளின்மேல் ஒரு முறை தடவிவிட்டு, அந்தப் பக்க ஜன்னலில் இறங்கிப் போனது.

பிறகு வாசனை. முதலில் அறுத்த புல். சற்று நேரத்தில் வெள்ளரிப் பிஞ்சு. நான் நகரவில்லை. அடுத்த மாதம் வந்து கதவைத் தட்டியிருந்தால்கூட, அப்புறம் வா என்று சொல்லியிருப்பேன். கண்ணெதிரே பச்சை விலகி, புளி போட்டுத் தேய்த்த குடம்போல ஒரு சிவப்பு உள்ளிருந்து ஏறியது. திடீரென்று... பழுத்த பேரிக்காயை நறுக்கி மூக்கருகே நீட்டியது போல!

சத்தியமாகச் சொல்கிறேன், இந்த அதிசயம் தினமும் என் காலடியில் நடந்திருக்கிறது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் வந்தது.

"சொவரோரம் மொதல்ல அள்ளுங்க! ஜன்னல் பக்கத்தைத் தொடாதீங்க, அது இன்னும் வெள்ளரிக்கா!" என்று கத்தினேன். என்ன உளறுகிறேன் என்று யாரும் கேட்கவில்லை. வரிசை வரிசையாக மோந்து, வரிசை வரிசையாக அனுப்பினேன்.

ஏலத்திலிருந்து சேதி வந்த அன்று முதலாளி என்னைத் தேடித் தரைக்கே வந்தார். "கலரு நல்லாருக்குன்னு எழுதியிருக்காங்க. அடுத்த வாரமும் ஓட்டுங்க" என்றார்.

கேட் பூட்டப்படவில்லை. வாரத்துக்கு மூன்று நாளோ நான்கு நாளோ... அந்த விலைச் சரிவு முடிகிறவரை ஓட்டிவிட்டோம்.

ராசம்மா தீர்ப்பு வாசித்தாள்: "தொரை, இனிமே சளி புடிச்சா லீவு போட்டுருங்க. ஃபேக்டரி பொழைக்கும்."

அந்த வருஷங்களில் நான் பட்ட கவலையை அடுக்கினால் தொட்டபெட்டா குட்டையாகத் தெரியும். இன்று அவற்றில் ஒன்றின் முகம்கூட ஞாபகத்தில் இல்லை. மண்டி போட்டு உட்கார்ந்திருந்த அந்த முக்கால் மணி நேரம் மட்டும், சொட்டுச் சொட்டாக அப்படியே இருக்கிறது.

இப்போது கோவையில் ஃபிளாட். குளிரும் இல்லை, ஜலதோஷமும் இல்லை. இதை ஃபோனில் டைப் அடித்துக்கொண்டே, "இன்னிக்கு டீ இல்லையா?" என்று கேட்டேன்.

"ஏனுங்க, டம்ளர் காலியாக் கையிலதான இருக்குது!" என்றாள் மனைவி.

பார்த்தேன். இருந்தது. எப்போது குடித்தேன் என்று தெரியவில்லை.

இன்னொரு அரை டம்ளர் கேட்டிருக்கிறேன். திட்டிக்கொண்டே போட்டுக் கொண்டுவருகிறாள்... ஆவி தெரிகிறது.

ஃபோனைக் கீழே வைக்கிறேன்.