பூ வைக்க இடமில்லாத கொண்டை

1. ஃபெல்ட் கிளி

முதல் நாள் வகுப்பில் என் முன்னால் பதினாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பதினாறு பேரும் பட்டுப் புடவை. கையில் கத்தரிக்கோல், மடியில் பச்சை ஃபெல்ட் துணி. இவர்களுக்கு நான் கிளி செய்யக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

ஃபெல்ட் என்பது நெய்யாத துணி. கம்பளி ரோமத்தை அமுக்கி அமுக்கி ஒட்டவைத்தது. எப்படி வெட்டினாலும் நூல் பிரியாது, ஓரம் மடித்துத் தைக்க வேண்டாம். சோம்பேறிகளுக்கென்றே கண்டுபிடித்தது. ஒரு புடவையின் கரையைச் சேர்க்க இரண்டு பேர் உட்கார்ந்து நெய்கிற காஞ்சிபுரத்தில், தறிச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில், நாங்கள் நெய்யாத துணியை வெட்டிக் கோந்து போட்டு ஒட்டிக்கொண்டிருந்தோம். அதற்குக் கைவேலை வகுப்பு என்று பெயர்.

என்னை வேலைக்கு எடுத்தவர் மாதர் சங்கத் தலைவியம்மா. பட்டு ஜவுளிக்கடை முதலாளியின் மனைவி. அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

“மெட்ராஸ்ல படிச்சியா?”

“ஒரு வருஷம் கிராஃப்ட் டிரெயினிங்மா.”

“அது போதும். மெட்ராஸ்ல இப்ப இன்னா பண்றாங்களோ அத சொல்லிக் குடு. கோலம், ஊறுகாய்லாம் எங்களுக்கே தெரியும்.”

நான் பக்கத்திலிருக்கும் ஏனாத்தூர்க்காரி. அப்பாவுக்கு நெல் தெரியும், எனக்கு அதுவும் தெரியாது. தறி பக்கம் போனதே இல்லை. மெட்ராஸில் ஒரு வருஷம் ஹாஸ்டல் சாப்பாடு சாப்பிட்டதால் ஊருக்கே நாகரிகம் கற்றுக்கொடுக்கும் தகுதி வந்துவிட்டது. அறுபதுகளின் கடைசியில் அவ்வளவுதான் தேவைப்பட்டது.

கிளி முடிந்து ப்ரூச், ப்ரூச் முடிந்து கண்ணாடி பதித்த பர்ஸ், பர்ஸ் முடிந்து ரோஜாப்பூ வைத்த ஹேர் கிளிப். ஊரில் ரேடியோ இருந்த வீடுகளில் பாதியில் ரேடியோ மேல் எங்கள் கிளி உட்கார்ந்திருந்தது. ஒன்றுகூடக் கிளி மாதிரி இருக்காது. வீட்டுக்கு வந்தவர்கள் “வாத்து நல்லா இருக்குது” என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

2. தலைக்கு ஒரு கோபுரம்

கிளி செய்து அலுத்தவர்கள் என் தலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் ஹாஸ்டலில் கற்றபடி முன்னால் பஃப் வைத்துப் பின்னால் கொண்டை போட்டுக்கொண்டு வருவேன். “எங்களுக்கும் போட்டு விடு டீச்சர்” என்றார்கள். சங்கத்துக்குப் பின்புறம் நான் குடியிருந்த அறையில் இந்த இரண்டாவது தொழில் இப்படித்தான் ஆரம்பித்தது.

பேக் கோம்பிங் என்று ஒரு வித்தை. முடியை ஒரு கற்றை எடுத்து, நுனியிலிருந்து வேரைப் பார்த்து எதிர்ப்பக்கமாகச் சீவ வேண்டும். சிக்கு எடுக்கவேண்டிய சீப்பை வைத்துச் சிக்குப் போடுவது. உள்ளே சிக்கு உப்பி நிற்கும், மேலே ஒரு கற்றையை வழவழவென்று சீவி மூடிவிட வேண்டும். கொண்டைக்குள்ளே பழைய நைலான் சாக்ஸில் கந்தல் அடைத்து வைப்போம். வெளியே மகாராணி, உள்ளே பழைய சாக்ஸ்.

“இன்னும் ஒசரமா தூக்கு டீச்சர். தெருக்கோடில இருந்து தெரியணும்” என்பார்கள். கோபுரம் உள்ள ஊர்தான். அதற்காகத் தலைக்கு ஒன்று கட்டிக்கொண்டு திரிய வேண்டுமா? ஆனால் நான் கேட்கவில்லை. இன்னும் உயரமாகத் தூக்கினேன்.

தூக்கியது நிற்க ஸ்ப்ரே வேண்டும். அது நமக்கு எங்கே கிடைக்கும்? நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அரிசிக் கஞ்சி ஒரு கரண்டி, தண்ணீர் மூன்று கரண்டி, துணியில் வடிகட்டி முடிமேல் லேசாகத் தடவி விசிறினால் அரைநாள் அசையாது. இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பதினாறு பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

3. பாவுக் கஞ்சி

கூந்தலுள்ள சீமாட்டி அள்ளி முடிவாள் என்பார்கள். இல்லாதவள் என்னிடம் வந்தாள்.

ராஜம்மா பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருந்த குடும்பம். மகள் கோமளாவைக் கூட்டிக்கொண்டு வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள். கோமளாவுக்குப் பத்தொன்பது வயது. தலையில் முக்காடு. எடுத்தால், டைபாய்டு காய்ச்சலில் கொட்டிப்போய்ப் புதிதாக முளைத்த முடி காதைக்கூடத் தொடவில்லை.

“ஆரணிலர்ந்து மாப்ள வூட்டுக்காரங்க வெள்ளிக்கெழம பூ வெக்க வராங்க டீச்சர். ரெண்டு வருஷம் முன்ன ஒரு கல்யாணத்துல இவள பாத்தாங்க. அப்ப பின்னல் இடுப்புக்குக் கீழ தொங்கிச்சு. அத பாத்துதான் கேட்டாங்க. ஜொரம் வந்தது அவங்களுக்குத் தெரியாது.”

“சொல்லலாமே.”

“நல்லா சொன்ன. பையன் ஆபீஸ்ல கிளார்க்கு. மொட்டத்தலைய கட்டிக்குவானா? பூ வெச்சிட்டாங்கன்னா பேச்சு முடிஞ்சிது. கல்யாணத்துக்கு ஆறு மாசம் இருக்குது, வளந்துடும்.”

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் பெண் தலையில் பூ வைத்துவிட்டால் பெண் நிச்சயம். அதற்கப்புறம் யாரும் பின்வாங்குவதில்லை. கோமளாவின் கல்யாணம் என் கையில் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “யாருக்கும் தெரியாம பண்ணித் தரேன்” என்றேன். நாலு பஃப் போட்ட திமிர்.

வெள்ளிக்கிழமை காலை அவர்கள் வீட்டுக்கே போனேன். ஒரு சவுரி முடியைக் கொண்டையாகச் சுற்றினேன். அதற்கும் கோமளாவின் முடிக்கும் நடுவே இணைப்பு தெரிந்தது. அதை மறைக்கக் கொண்டையைச் சுற்றிப் பதினோரு சிவப்பு ஃபெல்ட் ரோஜாக்களை வைத்து, கழன்று விழக்கூடாதே என்று ஒவ்வொன்றையும் சவுரியோடு சேர்த்து நூலால் தைத்தேன். பட்டு நெய்கிற வீட்டுப் பெண்ணின் தலையில் கம்பளி ரோஜா. பார்த்துப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

கஞ்சி கேட்டேன். ராஜம்மா ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்தாள். கெட்டியாக இருந்தது.

“இது இன்னா கஞ்சிமா?” என்றேன்.

“பாவுக்கு வடிச்சது. தறில ஏத்தற பாவு நூல தெருவுல நீட்டி இதத்தான் தடவறோம். ஆயிரக்கணக்குல இழைய பிடிச்சி நிக்க வெக்குது. நாலு முடிய நிக்க வெக்காதா?”

தறிக்காரர்களுக்கு எல்லாமே நூல்தான். எனக்கு எங்கே போயிற்று புத்தி? தண்ணீர் கலக்காமல், பாவுக்குத் தடவுகிற பிரஷ்ஷாலேயே இரண்டு கோட்டிங் கொடுத்தேன். காய்ந்ததும் தட்டிப் பார்த்தேன். டக்டக்கென்று கேட்டது. பலகை மாதிரி இருந்தது. பிரமாதம் என்றேன்.

4. பூ

மாப்பிள்ளையின் அம்மா பெயர் தையல்நாயகி. ஆரணியில் அவர்களும் தறிக்காரர்கள்தான். நெட்டையான பெண்மணி, அதிகம் பேசவில்லை. ஐந்து பெண்களும் தாம்பாளங்களுமாக வந்தார்கள். கோமளாவை மணையில் உட்காரவைத்தோம். தையல்நாயகி மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார். போனவர் நின்றுவிட்டார்.

இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். கொண்டையைச் சுற்றி ஒரு விரல் நுழைய இடமில்லாமல் என்னுடைய பதினோரு ரோஜா.

“எங்கமா பூ வெக்கறது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூ வைக்கிற சடங்குக்குத் தலை அலங்காரம் செய்ய வந்தவள், பூ வைக்க இடம் விடவில்லை. இந்த ஊரில் எழுத்து வாசனை இல்லாதவள்கூட இந்தத் தப்பைச் செய்யமாட்டாள். மெட்ராஸில் படித்தவள்தான் செய்வாள்.

“மேலோட்டமா சுத்தி வெச்சிடுங்கம்மா” என்றேன்.

“மேல சாத்தறதுக்கு இது இன்னா சாமியா? முடிலதாம்மா வெக்கணும்” என்று சொல்லி, இடம் பண்ணுவதற்காக ஒரு ரோஜாவைப் பிடித்து இழுத்தார்.

ரோஜா சவுரியோடு தைத்திருந்தது. சவுரி கஞ்சியில் இறுகியிருந்தது. மொத்தமும் தேங்காய் ஓடு மாதிரி ஒரே துண்டாக அவர் கையோடு வந்துவிட்டது. கொண்டை ஊசிகள் தரையில் சிதறின. கோமளாவின் சொந்த முடி கஞ்சியோடு நாலு பக்கமும் விறைத்து நின்றது. புடவைத் தோளில் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது. வந்த பெண்களில் ஒருத்தி அதை ஈறு என்று நினைத்து இரண்டடி தள்ளிப் போனாள்.

தையல்நாயகி ஒரு செதிலை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். தறிக்காரிக்குச் சொல்ல வேண்டுமா?

“பாவுக் கஞ்சி” என்றார். “பொண்ண தறில ஏத்திட்டீங்களா?”

இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ராஜம்மா சுவரோடு சாய்ந்து அழுதாள். ஜுரம், முடி கொட்டியது என்று எல்லாவற்றையும் அழுகைக்கு நடுவே சொன்னாள். கோமளா மட்டும் அழவில்லை, மணையை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

“ஜொரத்துல கொட்டுது, மொளைக்குது. அத ஒரு கடுதாசில எழுத மாட்டீங்களா? இதயே மறைச்சவங்க இன்னும் எத மறைச்சிருக்கீங்களோ” என்று சொல்லித் தையல்நாயகி பூவைத் தாம்பாளத்திலேயே திரும்ப வைத்தார். காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள்.

மறுநாளே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. தலைவியம்மா என்னைக் கூப்பிட்டு, “சங்கத்து மானத்த வாங்கிட்டியே” என்றார். சொல்லும்போது அவர் தலையில் நான் போட்ட கொண்டை, அதற்குள் நான் அடைத்த சாக்ஸ்.

5. ஆரணி

பத்து நாள் ஆகியும் ஆரணியிலிருந்து ஒரு சேதியும் இல்லை. நான் பஸ் ஏறினேன். பெரிய நல்ல மனசு என்று நினைக்கவேண்டாம். தலை வாரிக்கொள்ள என்னிடம் ஆள் வருவது நின்றுபோயிருந்தது. அதுதான் பாதிக் காரணம்.

தையல்நாயகி ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, “கொண்டைக்காரி வந்துக்கிறா, தண்ணி குடு” என்றார். ராட்டையை நிறுத்தவில்லை.

“தப்பெல்லாம் என்னுதுதாம்மா. பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல” என்றேன்.

“அது இருக்கட்டும். பொண்ணு இன்னா சொல்லிச்சு?”

“எதுக்கும்மா?”

“இப்பிடி வேஷம் கட்டிக்கினு உக்காற அது ஒத்துக்கிச்சா?”

யோசித்துப் பார்த்தேன். அன்று காலை கோமளா இரண்டு தடவை “டீச்சர்” என்று வாயைத் திறந்திருக்கிறாள். இரண்டு தடவையும் நான் “தலைய ஆட்டாத” என்று சொல்லியிருக்கிறேன். அதை அப்படியே அவரிடம் சொன்னேன்.

“எத்தன நேரம் அவ தலைய கைல வெச்சிக்கினு இருந்த?”

“மூணு மணி நேரம்மா.”

“மூணு மணி நேரம்” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ஊர்ப் பெண்களையெல்லாம் மனசுக்குள் கேலி செய்துகொண்டு திரிந்தவளுக்கு, கேலி செய்யவேண்டிய ஆள் யார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“வர வெள்ளிக்கெழம நானே வந்து கேக்கறேன். நீயும் அங்க இரு” என்றார்.

சொன்னபடி தனியாக வந்தார். ராஜம்மா தட்டு, பழம் என்று பரபரத்தாள். தையல்நாயகி அவளைப் பார்க்காமல் கோமளாவின் எதிரில் உட்கார்ந்தார்.

“மறைக்க சொன்னது நீயா, உங்கம்மாவா?”

“நான் வேணாம்னுதான் சொன்னேன்” என்றாள் கோமளா. “யாரும் காதுல வாங்கல. இந்தத் தலையோட பூ வெக்கறதா இருந்தா வைங்க. இல்லன்னா உங்க புள்ளைக்கு வேற பொண்ணு பாருங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்.”

ராஜம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். தையல்நாயகி எழுந்து, முந்தானையில் முடிந்துகொண்டுவந்த மல்லிகையை எடுத்தார். அந்த முடியில் பூ நிற்கவில்லை. இரண்டு முறை சரிந்தது. என் பக்கம் கையை நீட்டினார்.

“கொண்டைக்காரி, ஒரு பின்னு குடு.”

கொடுத்தேன். பூ நின்றது.

அதற்குப் பிறகு வெகுகாலம் இந்தத் தொழில் செய்தேன். கிளியை விட்டுவிட்டேன். கொண்டையை விடவில்லை. இன்று பார்லர் வைத்திருக்கும் பெண்களுக்கு என்னிடம் ரகசியம் எதுவும் கிடையாது. ஸ்ப்ரே நல்லதா ஜெல் நல்லதா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளை விட்டுவிட்டுப் பக்கத்தில் நிற்கிற அம்மாவிடம் “எப்படிப் போடட்டும்மா?” என்று கேட்கிறீர்களே, அதை மட்டும் நிறுத்துங்கள். நானும் அன்றைக்கு ராஜம்மாவிடம்தான் பேசினேன்.

எத்தனையோ கல்யாணத்துக்குத் தலை அலங்காரம் செய்திருக்கிறேன். அதில் உருப்படியானது எது என்று கேட்டால், கோமளாவின் தலைக்குக் கொடுத்த அந்த ஒரு பின்தான். அதைக்கூட நான் குத்தவில்லை.