ஐப்பசியில் காய்ந்த பிலிம்கள்

பாலிவினைல் ஆல்கஹால் என்பது பார்ப்பதற்கு ரவை மாதிரி இருக்கும் வெள்ளைப் பாலிமர் தூள். அதை வெந்நீரில் கரைத்து, துத்தநாக ஆக்சைடைக் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்கி, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் மெல்லிய பிலிமாக உரிந்து வரும். ஆக்சைடு சேரச் சேர அந்தப் பிலிமின் உள்ளமைப்பு எப்படி மாறுகிறது, மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் திறன் எவ்வளவு கூடுகிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. இதற்கு ஆறு வருடமா என்று கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்து வெகுநாள் ஆகிறது.

ஆய்வகத்தில் உலர்த்தும் அடுப்பு ஒன்றே ஒன்று. அதற்கு எப்போதும் வரிசை. ஆக்சைடு சேர்க்காத பிலிமை மட்டும் அதில் உலர்த்திவிட்டு, மற்றக் கரைசல்களை வாரம் ஒன்றாக உத்திரமேரூர் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாமான் போடும் அறையில் பலகைமேல் தட்டுகளை வைத்துக் காயவைத்தேன். முதல் வாரம் இரண்டு சதவீத ஆக்சைடு, அடுத்த வாரம் நான்கு, பிறகு ஆறு, எட்டு. காய்ந்ததை எவர்சில்வர் டப்பாவில் மூடி, காஞ்சிபுரம் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போய், போனதும் அளந்துவிடுவேன். ஒவ்வொரு வாரமும் மின்னூட்டம் பிடிக்கும் அளவு ஏறியது. எக்ஸ்ரே சோதனையிலும் பாலிமரின் படிக ஒழுங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. என் வழிகாட்டிப் பேராசிரியர் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதுதான் உன் தீசிஸ்," என்றார். அது ஐப்பசி மாதம்.

சித்திரையில் மறுபடி செய்து காட்டச் சொன்னார். அதே அறை, அதே பலகை. அளவு ஏறவில்லை. தூளைக் குற்றம் சொன்னேன், தண்ணீரைக் குற்றம் சொன்னேன், கடைசியில் என் கையையே குற்றம் சொன்னேன். பைத்தியம் பிடிக்காத குறை. எனக்குக் கொடுத்த கடைசி நீட்டிப்பு கார்த்திகையோடு முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து.

மறு ஐப்பசியில் எட்டு சதவீதப் பிலிம் பழைய அளவை அப்படியே காட்டியது. சந்தோஷத்தில் ஆய்வகத்திலேயே அழுதுவிட்டேன். சூட்டோடு சூடாக, ஒப்பிடுவதற்காக, ஆக்சைடு சேர்க்காத வெறும் பிலிம் ஒன்றையும் வீட்டில் காயவைத்து எடுத்துப்போனேன். அதுவும் ஏறியிருந்தது. ஒரு பொட்டு ஆக்சைடு இல்லை, ஆனாலும் எட்டு சதவீதத்துக்குச் சமமாக நின்றது.

அந்தப் பாலிமர் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும்; ஈரம் ஏறினால் அளவு கூடும், ஒழுங்கு குலையும். முதல் வருடமே படித்த பாடம். போன ஐப்பசியில் வாரத்துக்கு வாரம் மழை வலுத்தது, வாரத்துக்கு வாரம் நானும் ஆக்சைடைக் கூட்டினேன். ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் நான் வரைந்து வைத்திருந்தது மழையின் படம்.

வழிகாட்டியிடம் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார்.

"இதை வேற யாருகிட்டயாவது காட்டினியா?"

"இல்ல சார்."

"காட்டாத. பழைய ரீடிங் இருக்குல்ல, அதை வெச்சு சப்மிட் பண்ணு. உன் வீட்டுக்கு வந்தா பாக்கப் போறாங்க?"

அப்பாடா என்றிருந்தது. பொய் சொல்வானேன், பஸ்ஸில் பாதி வழி வரை அப்படித்தான் இருந்தது. பிறகு டப்பாவைத் திறந்து அந்த வெறும் பிலிமைப் பார்த்தேன். யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியுமே. போனை எடுத்து அவருக்கு எழுதினேன்: ‘நான்காம் அத்தியாயம் தப்பு சார். நான் கொடுக்கப் போவதில்லை.’ ஊர் வருவதற்குள் பதில் வந்தது: ‘உன் இஷ்டம்.’ ஆறு வருடம் அந்த இரண்டு வார்த்தையில் முடிந்தது.

பஸ் ஸ்டாண்டில் கணவர் வண்டியோடு நின்றிருந்தார். நெல் பயிரிடுகிறவர். அவருக்கு இதெல்லாம் இன்னும் தெரியாது.

"ஏரி கலங்கல் போய்க்கினு கீது. வா, ஒரு எட்டு பாத்துட்டு வூட்டுக்குப் போலாம்."

ஊரே அங்கே கூடியிருந்தது. ஏரி நிரம்பி, தண்ணீர் கலங்கல் சுவரைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"ரெண்டு போகத்துக்குத் தண்ணி கீது," என்றார். "நல்ல மழ, இல்ல?"

"நல்ல மழைதான்," என்றேன்.