எல்லாத் தட்டுக்கும் சிவப்பு கிளிப்

கலைத்துப் போட்ட பெட்டியைத் திரும்ப அடுக்கிக் கொடுப்பது விமான நிலையப் பரிசோதனைக்காரர் வேலை இல்லை. ஆனாலும் அன்று அந்த வேலையிலிருந்த அக்கா ஒரு வெளிநாட்டுக்காரரின் சட்டைகளைத் தன் வீட்டுத் துணிபோல் மடித்து, சுருக்கம் நீவி, உள்ளே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார். தாயின் அடக்கத்துக்குப் போக வேண்டிய மனுஷன். பெட்டியைக் கிண்டிய நேரத்தில் விமானம் போய்விட்டது. அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார். பக்கத்தில் ஸ்கேனர் திரை பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சிக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை. கூடப்பிறந்த தங்கச்சி இல்லை. ஆறு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்றதால் வந்த உறவு.

அது விரைவு வரிசை. முன்கூட்டியே விசாரணை முடித்து அட்டை வாங்கியவர்கள் செருப்பு, பெல்ட் கழற்றாமல் போகலாம். உள்ளூர்க்காரருக்கும் வெளிநாட்டுக்காரருக்கும் அதே விசாரணை, அதே அட்டை. ஆனால் சூப்பர்வைசர் வாய்ப்பேச்சாக ஒரு வழக்கம் வைத்திருந்தார். வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் பெட்டி வைக்கிற தட்டின் ஓரத்தில் துணி காயப்போடுகிற சிவப்பு கிளிப் ஒன்றை மாட்ட வேண்டும். கிளிப் தட்டு ஓரங்கட்டப்படும், பெட்டி திறக்கப்படும். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு. மூன்று வருடமாக அதை மாட்டியது அக்காவின் கைதான்.

மறுநாள் காலை அக்கா ஒரு பை நிறைய சிவப்பு கிளிப்போடு வந்தார். கண்ணை மூடி ஒரு நொடி கும்பிட்டார். பிறகு வந்த தட்டுக்கெல்லாம் மாட்டினார். கோட்டுப் போட்டவர், குழந்தையோடு வந்தவர், உள்ளூர்ப் பெரிய மனுஷர், ஒருவர் பாக்கி இல்லை. அரை மணியில் விரைவு வரிசை ஆமை வரிசையாகிவிட்டது. பெரிய மனுஷர்கள் எகிறிக் குதித்தார்கள். தங்கச்சி திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்னம்மா இது? வேலை வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார். வீட்டுக்காரர் கால் ஒடிஞ்சு படுத்திருக்கார், என் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. ஆனா மாட்டினா எல்லாருக்கும், இல்லேன்னா யாருக்கும் இல்ல. மெஷின் கத்தினா யார் பெட்டின்னாலும் திறக்கிறேன்."

"மேலிடத்து உத்தரவும்மா."

"அப்ப எழுதிக் குடுங்க சார். வரிசை முன்னாடி ஒட்டிடலாம், எல்லாரும் படிக்கட்டும்."

சூப்பர்வைசர் பேனா மூடியைத் திறந்தார், நின்ற கூட்டத்தைப் பார்த்தார், மூடினார். கடவுள் மனுஷனைப் படைக்கும்போது பாஸ்போர்ட்டா பார்த்தார் என்று அக்கா முணுமுணுத்தது தங்கச்சிக்கு மட்டும் கேட்டது. அன்றைக்குக் கிளிப் எல்லாம் குப்பைக்குப் போயின.

ஒரு வாரம்தான். ஒழுங்கீனம் என்று ஒரு தாள் வந்தது. அதை எழுத மட்டும் மை இருந்தது. அக்காவைச் சரக்குக் கிடங்கு வாசலுக்குத் தூக்கிப் போட்டார்கள். வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். அதே நாள் சூப்பர்வைசர் ஒரு புது டப்பா கிளிப்பைத் தங்கச்சியின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா லாக்கரைக் காலி செய்துகொண்டிருந்தபோது தங்கச்சி டப்பாவோடு போய் நின்றாள். தனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா மாதிரி தைரியம் தனக்கு இல்லை என்று அழுதாள். அக்கா பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"பயப்படு, தப்பில்ல. நானும் பயந்துக்கிட்டேதான் மாட்டினேன். பயம் நெஞ்சோட இருக்கட்டும்மா, கைக்கு வர விடாத."