மூன்று எலக்ட்ரான்களும் தமிழரசியும்

செவ்வாய்க்கிழமை காலை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது எங்கள் இயற்பியல் துறையின் ஆய்வக உதவியாளர் போன் செய்தார். "சார், தமிழரசி மேடம் இறந்துட்டாங்க. விடியக்காலைல." பதினோரு நாளாக மஞ்சள் காமாலையோடு திருச்சி ஆஸ்பத்திரியில் இருந்தவர்தான். ஆனாலும் வாரக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். "ஏம்ப்பா, நல்லா விசாரிச்சியா?" என்று அந்த மனிதர்மேல் எரிந்து விழுந்தேன். யார் எதைச் சொன்னாலும் முதலில் எரிந்து விழுவது என் வழக்கம். கல்லூரியில் என்னோடு வேலை பார்த்த உங்களுக்கு அது தெரியும். தமிழரசிக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

அவருக்கு நாற்பத்தொரு வயது. எனக்கு அறுபது ஆகப்போகிறது. இந்த மாதிரி அஞ்சலிக் குறிப்பை அவர்தான் எனக்கு எழுதியிருக்க வேண்டும்.

பூலாம்பாடியில் கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பம் அவருடையது. ஒன்பது வருடம் எனக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தார். வந்த புதிதில், குவாண்டம் வகுப்புக்கான, எலக்ட்ரான்களின் சுழற்சியைக் கூட்டிச் சொல்லும் கோண உந்த அட்டவணையை அவரிடம் நீட்டி, பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள் என்றேன். "எனக்கே மனப்பாடம் வராது சார். கட்டிப் பாத்தாத்தான் வரும்" என்று திருப்பி வைத்துவிட்டார். கட்டுவது என்றால் கம்ப்யூட்டரில். மூன்று எலக்ட்ரான்கள், ஒவ்வொன்றின் தற்சுழற்சியும் மேலே அல்லது கீழே. மொத்தம் எட்டு அமைப்புகள். இவற்றை வைத்து அணி, அதாவது எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிய மேட்ரிக்ஸ் ஒன்றை எழுதி, மொத்தக் கோண உந்தம் இன்னதென்று உறுதியாகச் சொல்லக்கூடிய நிலைகளைக் கம்ப்யூட்டரையே கண்டுபிடிக்க வைப்பார். பிள்ளைகள் அவர் வகுப்பு என்றால் அடித்துப் பிடித்துக்கொண்டு போய் உட்காருவார்கள். எனக்கு வயிற்றெரிச்சல்தான், வேறென்ன.

அந்த அட்டவணை நான் கையால் போட்டு, என் வழிகாட்டி நூலில் அச்சிட்டது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் பல கல்லூரிப் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பரீட்சை எழுதினார்கள். ஒருநாள் தமிழரசியின் விடைகள் அதோடு ஒத்துப்போகவில்லை. என் புத்தகத்தில் ஒன்று, பூஜ்யம் என்று அழகான எண்கள். அவருடைய தாளில் வாயில் நுழையாத தசமங்கள். பக்கத்துக் கம்ப்யூட்டரில் போட்டால் அதுவும் மாறி, வேறு தசமங்கள் வந்தன. துறையே கேட்கும்படி சிரித்தேன். "ஏம்மா, உங்க மெஷினுக்கே ஒரு முடிவு இல்லையே!"

அவர் முகம் சுண்டிவிட்டது. ஆனால் வாதாடவில்லை. ஒரு மாதம் கழித்து வந்து சொன்னார்: "மெஷின் தப்பா சொல்லல சார். ஒரே மதிப்புல ரெண்டு நிலை இருந்தா, ரெண்டையும் தன் இஷ்டத்துக்குக் கலந்து குடுத்துடுது. நாமதான் கலக்காம புடிச்சு நிறுத்தணும்." முதல் இரண்டு எலக்ட்ரான்களை முதலில் சேர்த்து, பிறகு மூன்றாவதைச் சேர்த்து, மூன்றும் மேலே இருக்கும் உச்சி நிலையிலிருந்து படிப்படியாகக் கீழே இறக்கியிருந்தார். இப்போது எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் ஒரே விடை. என் அட்டவணையோடும் பொருந்தியது. ஒரே ஒரு வரிசையைத் தவிர.

அந்த வரிசையை அவர் துறைக் கூட்டத்தில் எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்; நான் அவரைப் பார்த்துத் துறையே கேட்கும்படிதானே சிரித்தேன். நாலு மணிக்குப் பிள்ளைகள் பஸ் பிடிக்கப் போனபிறகு, காலி வகுப்பறைக்கு என்னை அழைத்துப் போனார். ஒரு எலக்ட்ரான் மட்டும் கீழே இருக்கும் மூன்று அமைப்புகளுக்கு என் புத்தகத்திலிருந்த இரண்டு வரிசைகளைக் கரும்பலகையில் எழுதினார். முதல் வரிசை 1, -1, 0. இரண்டாவது 1, 0, -1.

"தனித்தனியா ரெண்டும் சரிதான் சார். ஆனா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு செங்குத்தா இருக்கணும்ல? நீங்களே பெருக்கிக் கூட்டிப் பாருங்க."

நேருக்கு நேர் பெருக்கிக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். ஒன்று வந்தது. இரண்டாவது வரிசை 1, 1, -2 என்று இருந்திருக்க வேண்டும். பார்க்க அழகாக இருந்ததால் சரி என்று நம்பி அச்சடித்திருக்கிறேன். இத்தனை வருடமும் ஒருவரும் கேட்கவில்லை, நானும் பெருக்கிப் பார்க்கவில்லை. தெரிந்த நிமிடத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? டஸ்டரை எடுத்துப் பலகையை அழித்துவிட்டு, "லேட்டாச்சு, கிளம்புங்க" என்றேன்.

மறுபதிப்பில் அந்தப் பக்கத்தை அவர் கட்டித் தந்த அட்டவணையைப் போட்டு மாற்றினேன். முன்னுரையில் 'சில திருத்தங்களுடன்' என்று எழுதினேன். அவ்வளவுதான். புத்தகம் வந்த அன்று தமிழரசி முன்னுரையைப் படித்துவிட்டுச் சிரித்தார். "எனக்கு 'சில திருத்தங்கள்'னு பேரு வெச்சிட்டீங்களா சார்?" காதில் விழாதவன்போல மேசை இழுப்பறையில் எதையோ தேடினேன். நன்றாகவே விழுந்தது. அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். அவரும் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுநாள் வழக்கம்போல எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

காரியம் முடிந்த மறுநாள் பூலாம்பாடிக்குப் போயிருந்தேன். அவர் கணவர் எலக்ட்ரீசியன், அதிகம் பேசாத மனிதர். உள்ளே போய் என் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"சார் புக்ல ஒரு பக்கம் நான் போட்டதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. எதுன்னு எனக்குப் புரியாது. பொண்ணுகிட்ட காட்டணும். எந்தப் பக்கம் சார்?"

எடுத்துக் காட்டினேன். அவர் அந்தப் பக்கத்தின் தலையில் பார்த்தார், அடியில் பார்த்தார், மெதுவாகத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். பெயரைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அழுதுவிட்டேன். மனைவியை இழந்த மனிதர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தமிழரசியிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. தனித்தனியாகச் சரியாக இருப்பவற்றைச் சேர்த்து வைத்தும் சரிபார்க்கும் பழக்கம் ஒன்று. அதை அவர்தான் எனக்குப் பழக்கினார். காலி வகுப்பறைக்குக் கூப்பிட்டுச் சொன்ன அந்தப் பெருந்தன்மை இன்னொன்று. அது என்னிடம் வரவில்லை, நினைவில் மட்டும் இருக்கிறது. அவர் என் மானத்தைக் காலி அறையில் வைத்துக் காப்பாற்றினார். நான் அவர் பெயரை ஊரறியச் சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். அதனால் உங்கள் எல்லோருக்கும் தெரியும்படி இங்கே சொல்கிறேன்: பழைய பதிப்பின் எழுபத்து மூன்றாம் பக்கத்திலிருந்த தவறு என்னுடையது. இப்போது அங்கே இருக்கும் அட்டவணை முழுவதும் தமிழரசி கட்டியது.

அன்று அவர் கணவரிடம் பேனா வாங்கி, அந்தப் பிரதியில் தமிழரசியின் பெயரை எழுதிக் கொடுத்தேன். உங்கள் பிரதியில் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.