வாடை குடிக்கும் கரி

வன்னியம்பட்டி ஐயாதுரையிடம் ‘கரி’ என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும். “கரி இல்ல நர்ஸம்மா, கார்பன். ஆக்டிவேட்டட் கார்பன்” என்று திருத்துவான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, தன் மூளைக்கு அந்த வேலை போதாது என்று விட்டு வந்தவன். அந்த மூளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

அவன் தாய் அழகுத்தாய் இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டாள். வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பராமரிப்பது என் தொழில். அப்படித்தான் அந்த வீட்டுக்குள் போனேன்.

கொல்லையில் அவன் செய்வது இதுதான். அறுவடை முடிந்து காட்டில் பிடுங்கிப் போட்ட பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திச் செடிக் குச்சிகளைத் துண்டு துண்டாக நறுக்கி, பாஸ்பாரிக் ஆசிடில் ஊறவைத்து, மூடிய டிரம்மில் வறுப்பான். புளிப்புப் போகும்வரை தண்ணீரில் அலசிக் காயவைப்பான். கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் அதில் கோடிக்கணக்கில் உண்டாகுமாம். நிறத்தையும் வாடையையும் அவை பிடித்து வைத்துக்கொள்ளுமாம். சோதித்துப் பார்க்க அயோடின் கரைசலில் போட்டுக் குலுக்குவான். தவிட்டு நிறம் எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு நல்ல சரக்கு. இதெல்லாம் உண்மைதான். மதுரை லேப்பிலும் நல்ல சரக்கு என்றுதான் சொன்னார்கள். குறை சரக்கில் இல்லை, செய்தவனிடம் இருந்தது.

அழகுத்தாய்க்கு முதுகின் அடியில் படுக்கைப்புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவை, தினமும் கட்டைப் பிரித்துக் கழுவு என்று மருமகளான ஐயாதுரையின் மனைவி ஜெயசித்ராவுக்குச் சொல்லிச் செய்து காட்டினேன். அவளும் ஒழுங்காகச் செய்தாள். புண் என்றால் வாடை இருக்கும். ஐயாதுரைக்கு அதுதான் பெரிய துன்பம். தாயின் முதுகைப் பற்றி அவன் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. சரக்குப் பார்க்க வருகிறவர்களின் மூக்கைப் பற்றியே கவலைப்பட்டான்.

வ. புதுப்பட்டியில் இன்னொரு நோயாளிக்காக நான் ஒரு வாரம் தங்க வேண்டி வந்தது. திரும்பி வந்தபோது வாசலிலேயே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

“உள்ள வாங்க நர்ஸம்மா. வாடை அடிக்குதா? சொல்லுங்க, அடிக்குதா?”

அடிக்கவில்லை. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியில் கரியை முடிந்து கட்டிலைச் சுற்றித் தொங்கவிட்டிருந்தான். புண்ணின் கட்டுக்கு மேலும் ஒரு பொட்டலத்தை இறுக்கி ஒட்டியிருந்தான்.

“புண்ணு ஆறிப்போச்சு. பொறவு வாடை எங்கயிருந்து வரும்?”

“கட்ட எப்பம்மா பிரிச்ச?” என்று ஜெயசித்ராவைக் கேட்டேன்.

“பிரிக்கவே கூடாதுன்னுட்டாவ அவிய. காத்துப் பட்டா கார்பன் செத்துப்போகுமாம். நீங்க போன மறுநாள் ஒட்டுனது. வாடை இல்லையேன்னு நானும் விட்டுட்டேன்.”

அழகுத்தாயின் நெற்றி கொதித்தது. கட்டைப் பிரித்தேன். அடைந்து கிடந்த வாடை அறை முழுவதும் பாய்ந்தது. ஐயாதுரை துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோரம் ஒதுங்கினான். காசளவு இருந்த புண் உள்ளங்கை அளவுக்குப் பெருகியிருந்தது. ஓரமெல்லாம் செத்த சதை, அவன் சரக்கைவிடக் கருப்பு. புண் கெடுகிறது என்று முதலில் சொல்வது வாடைதான். அதன் வாயைத்தான் இந்த விஞ்ஞானி அடைத்து வைத்திருந்தான்.

“நூத்தியெட்டுக்கு போன் பண்ணு” என்றேன்.

“செத்த நேரம் பொறுங்க நர்ஸம்மா. தூத்துக்குடியில இருந்து எட்வின் சார் சரக்குப் பாக்க வந்துக்கிட்டு இருக்காரு. வாசல்ல ஆம்புலன்ஸ் நின்னா என்ன நெனப்பாரு? அவரு போன பொறவு…”

“ஏலே, உங்கம்மா போன பொறவு ஆம்புலன்ஸ் எதுக்கு?”

அதற்குள் ஜெயசித்ராவே போனை எடுத்துவிட்டாள்.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது எட்வினின் கார் வந்து நின்றது. ஐயாதுரை தாயைத் தாண்டி ஓடினான். “சாம்பிள் உள்ள தொங்குது சார், வந்து மோந்து பாருங்க.” அந்த மனிதர் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். “மொதல்ல அம்மாவோட ஆம்புலன்ஸ்ல ஏறுங்க” என்றார். இவன் ஏறவில்லை. மருமகளும் நானும் ஏறினோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பிழைத்திருக்கமாட்டாள் என்றார் டாக்டர். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி, அழகுத்தாய் கஞ்சி கேட்டாள்.

அன்று மாலைதான் மகன் வந்தான். கையில் ஒரு பை. “வார்டு நாத்தம் தாங்கல. கட்டில்ல நாலு பொட்டலம் கட்டிவிடுதேன்.”

“ஏட்டி சித்ரா, அத வெளிய தூக்கிட்டுப் போகச் சொல்லு” என்றாள் அழகுத்தாய். “வாடை அடிச்சப்போ நீ வந்து வந்து தொடச்ச. இவன் பொட்டலத்தத் தொங்கவிட்டான், ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நான் நாறுனாத்தான் ஆளு வருவாவ.”

ஜெயசித்ரா பையை வாங்கி வராந்தாவில் வைத்தாள். ஒரு வாளியைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். “வெந்நி புடிச்சிட்டு வாங்க. அத்தைக்கு மேலு தொடைக்கணும். இன்னைக்கு நீங்க தொடைங்க.”

வாளியும் கையுமாக நின்றவன் என்னைப் பார்த்தான். “தொடைக்கிறதுக்கு மிஷின் ஏதும் வந்திருக்கா நர்ஸம்மா?” என்று கேட்டான்.